‘சேமிப்பிடம் தீர்ந்துவிட்டது’ என்ற எச்சரிக்கை: படங்களை அழிக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

தண்ணீர்மலை – தைப்பூசம் முடிந்த சில நாள்களில் பலரது கைப்பேசியில் ஒரே அறிவிப்பு வந்து நிற்கும். “உங்கள் சேமிப்பிடம் கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது” என்பதுதான் அது. வெள்ளி இரத ஊர்வலம், தண்ணீர்ப் பந்தல்கள், காவடிகள், அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் 513 படிகளில் பிள்ளைகளோடு எடுத்த படங்கள் என இரண்டு மூன்று நாளில் நூற்றுக்கணக்கான படங்களும் காணொளிகளும் சேர்ந்துவிடுகின்றன. அவை கைப்பேசியில் மட்டும் இருப்பதில்லை. கூகுள் போட்டோஸ், ஐகிளவுட் போன்ற மேகச் சேமிப்பகங்களுக்கும் தாமாகவே போய்ச் சேர்கின்றன.

அறிவிப்பைப் பார்த்ததும் பலர் செய்வது ஒன்றுதான். பழைய படங்களை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்குகிறார்கள். ஒரு மணி நேரம் அழித்த பிறகும் எண் குறைவதில்லை, எச்சரிக்கையும் போவதில்லை. எனவே எச்சரிக்கையே தவறு என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. பயந்து இன்னும் அழிக்கிறவர்களும் உண்டு.

இரண்டிலும் இழப்பு இருக்கிறது. எச்சரிக்கை உண்மையாக இருந்து அதைக் கவனிக்காமல் விட்டால், பல்கலைக்கழக வாய்ப்புக் கடிதமோ வேலை நேர்காணல் அழைப்போ மின்னஞ்சலில் வந்து சேராமல் போகலாம். எச்சரிக்கையின் காரணம் தெரியாமல் அழித்தால், இன்று இல்லாத தாத்தா பாட்டியின் படமும், இடித்துத் தள்ளப்பட்ட தோட்டத்து லயத்தின் படமும் திரும்பக் கிடைக்காமல் போகலாம். அந்த எச்சரிக்கையே மோசடிக்காரர்கள் அனுப்பியதாக இருந்தால் வங்கிப் பணமும் போகும்.

ஆகவே அழிப்பதற்கு முன் எச்சரிக்கை எங்கிருந்து வந்தது, எதைப் பற்றிச் சொல்கிறது, கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்ற மூன்றையும் தெரிந்துகொள்வது நல்லது.

நிறைந்தது கைப்பேசியா, மேகமா?

முதல் குழப்பம் இங்கேதான். கைப்பேசிக்குள் இருக்கும் இடம் வேறு, மேகக் கணக்கில் இருக்கும் இடம் வேறு. 128 ஜிபி, 256 ஜிபி என்று கடையில் சொல்லி விற்கப்படுவது கைப்பேசியின் இடம். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஆப்பிளின் ஐகிளவுட்டில் இலவசம் 5 ஜிபி. மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவிலும் இலவசம் 5 ஜிபிதான்.

கைப்பேசியில் பாதி இடம் காலியாக இருக்கும்போதே மேகக் கணக்கு நிறைந்துவிடலாம். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். “கைப்பேசியில் இவ்வளவு இடம் இருக்கிறதே, பொய் சொல்கிறதே” என்று தோன்றினால், அந்த அறிவிப்பு எந்த இடத்தைச் சொல்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கணினியில் கூகுள் டிரைவ் செயலியை வைத்திருப்பவர்களுக்கும் இதே குழப்பம் வரும். அந்தச் செயலி கோப்புகளின் தற்காலிகப் பிரதிகளைக் கணினியின் வன்தட்டில் வைத்துக்கொள்கிறது. வன்தட்டில் இடம் குறைந்தாலும் அது எச்சரிக்கும். அப்போது மேகத்தில் எதை அழித்தாலும் பயனில்லை. கணினியில்தான் இடம் ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது குழப்பம், எந்தக் கணக்கு என்பது. ஒரே கைப்பேசியில் இரண்டு மூன்று கூகுள் கணக்குகள் இருப்பது இப்போது சாதாரணம். அப்பாவின் கணக்கு, பிள்ளைகளின் கணக்கு, வேலைக்கு ஒன்று எனச் சேர்ந்திருக்கும். எச்சரிக்கை ஒரு கணக்குக்கு வரும், அழிப்பது இன்னொரு கணக்கில் நடக்கும். செயலியின் வலது மேல் மூலையில் உள்ள வட்டப் படத்தைத் தொட்டால் எந்த மின்னஞ்சல் முகவரி திறந்திருக்கிறது என்பது தெரியும்.

15 ஜிபி யாருக்கெல்லாம் பங்கு?

ஜிமெயில் 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி அறிமுகமானபோது 1 ஜிபி இடம் கொடுத்தது. அந்தக் காலத்தில் அதுவே பெரிய செய்தி. கூகுள் டிரைவ் 2012-இல் 5 ஜிபி இலவச இடத்துடன் வந்தது. 2013 மே மாதத்தில் ஜிமெயில், டிரைவ், படங்கள் ஆகிய மூன்றின் இடத்தையும் ஒன்றாக்கி 15 ஜிபி என்று கூகுள் அறிவித்தது. அன்று முதல் இலவச அளவு அதே 15 ஜிபி எனத் தொடர்ந்து வந்திருக்கிறது. மூன்றும் ஒரே தொட்டியில் நீர் எடுக்கும் மூன்று வீடுகள் போல. ஒரு வீட்டில் குழாயைத் திறந்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் தண்ணீர் இல்லாமல் போகும்.

பலருக்குத் தெரியாமல் போனது 2021 ஜூன் 1-ஆம் தேதி வந்த மாற்றம். அதற்கு முன்பு ‘உயர்தரம்’ என்ற அமைப்பில் ஏற்றப்பட்ட படங்கள் எவ்வளவு இருந்தாலும் 15 ஜிபி கணக்கில் சேரவில்லை. அந்தத் தேதிக்குப் பிறகு ஏற்றப்படும் படங்களும் காணொளிகளும் கணக்கில் சேர்கின்றன. பல ஆண்டுகள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பயன்படுத்தியவர்களுக்கு 2022, 2023-இல் திடீரென எச்சரிக்கை வரத் தொடங்கியதற்கு இதுவே காரணம்.

காணொளிதான் இடத்தை அதிகம் விழுங்குகிறது. சாதாரண 1080பி தரத்தில் எடுத்த ஒரு நிமிடக் காணொளி, கைப்பேசியின் அமைப்பைப் பொறுத்து ஏறத்தாழ 60 முதல் 130 மெகாபைட் வரை வரும். 4கே தரத்தில் அது 170 முதல் 400 மெகாபைட் வரை போகும். தண்ணீர்மலையில் காவடி ஆட்டத்தைப் பத்து நிமிடம் 4கே தரத்தில் பதிவுசெய்தால் 2 முதல் 4 ஜிபி வரை போய்விடும். இலவச இடத்தில் கால் பங்கு அளவுக்கு அதுவே எடுத்துக்கொள்ளும்.

புலனமும் இப்போது கணக்கில் சேர்ந்துவிட்டது

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் புலனத்தின், அதாவது வாட்ஸ்அப்பின், உரையாடல்கள் கூகுள் கணக்கில் காப்பாக வைக்கப்படுகின்றன. 2018 முதல் இந்தக் காப்பு 15 ஜிபி கணக்கில் சேராமல் இலவசமாக இருந்தது. 2023 நவம்பரில் அது மாறும் என்று அறிவிக்கப்பட்டது. 2023 டிசம்பரில் சோதனைப் பதிப்பு பயன்படுத்துவோருக்கும், 2024-இல் படிப்படியாக மற்றவர்களுக்கும் மாற்றம் வந்தது. இப்போது புலனக் காப்பும் அதே 15 ஜிபிக்குள் அடக்கம்.

குடும்பக் குழு, ஆலயக் குழு, பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் குழு எனப் பத்துக் குழுக்களில் இருப்பவர்களுக்கு நாள்தோறும் வணக்கப் படங்களும் காணொளிகளும் வந்துகொண்டே இருக்கும். காப்பில் காணொளிகளையும் சேர்க்கும் அமைப்பு திறந்திருந்தால் அவை அனைத்தும் மேகத்துக்குப் போகும். சொந்தமாக ஒரு காணொளிகூட எடுக்காத பெரியவர்களின் கணக்கு நிறைவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

புலனத்தில் அமைப்புகள், அரட்டைகள், அரட்டைக் காப்பு என்று வரிசையாகச் சென்றால் ‘காணொளிகளைச் சேர்’ என்ற பொத்தான் இருக்கும். அதை அணைத்துவிட்டுப் புதிதாக ஒரு காப்பு எடுத்தால் காப்பின் அளவு குறையும். கைப்பேசியில் உள்ள காணொளிகள் அப்படியே இருக்கும். ஆனால் கைப்பேசியை மாற்றும்போதோ, அது தொலைந்துபோனாலோ அந்தக் காணொளிகள் காப்பிலிருந்து திரும்ப வராது. ஆகவே வேண்டிய சில காணொளிகளை மட்டும் தனியே சேமித்துக்கொள்ள வேண்டும்.

அழித்தும் எண் குறையாதது ஏன்?

“எச்சரிக்கை தவறு” என்று மக்கள் சொல்லும் பெரும்பாலான நேரங்களில், கணக்கு சரியாகவே இருக்கும். அழித்தது கணக்கில் சேராத பொருளாக இருக்கும், அல்லது இன்னும் முழுமையாக அழியாமல் இருக்கும். முக்கியக் காரணங்கள் இவை.

முதலாவது, குப்பைத்தொட்டி. ஜிமெயிலிலும் டிரைவிலும் அழித்த பொருள் 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். அதுவரை அது இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். ஜிமெயிலில் ‘ஸ்பேம்’ பகுதியில் கிடக்கும் வேண்டாத அஞ்சல்களும் கணக்கில் சேரும். கூகுள் போட்டோஸில் காப்பு எடுக்கப்பட்ட படத்தை அழித்தால் அது 60 நாள் வரை தொட்டியில் இருக்கும். மூன்று தொட்டிகளும் தனித்தனி. ஒன்றைக் காலி செய்தால் மற்றவை காலியாவதில்லை.

இரண்டாவது, 2021 ஜூன் 1-க்கு முன் ‘உயர்தர’ அமைப்பில் ஏற்றிய படங்கள். அவை முதலிலிருந்தே கணக்கில் இல்லை. அவற்றில் ஆயிரம் படத்தை அழித்தாலும் ஒரு மெகாபைட் கூடக் குறையாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இடம் வேண்டும் என்று பலர் முதலில் கைவைப்பது பழைய படங்களில்தான். பத்தாண்டுக்கு முந்திய திருமணப் படங்களும் தோட்டத்துப் படங்களும் அழிகின்றன, இடமோ கிடைப்பதில்லை.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத செயலித் தரவு. சில செயலிகள் தங்கள் காப்பை டிரைவுக்குள் மறைவாக வைக்கின்றன. கோப்புப் பட்டியலில் அவை தெரியாது. கணினியில் டிரைவைத் திறந்து, அமைப்புகளில் ‘மேனேஜ் ஆப்ஸ்’ பகுதிக்குப் போனால் எந்தச் செயலி மறைவான தரவை வைத்திருக்கிறது என்று பார்க்கலாம். எப்போதோ நீக்கிவிட்ட விளையாட்டுச் செயலியின் தரவு இன்னும் அங்கேயே இருக்கக்கூடும்.

நான்காவது, பழைய பதிப்புகள். டிரைவில் ஒரு பிடிஎஃப் கோப்பையோ காணொளியையோ மாற்றி, அதே கோப்பின் புதிய பதிப்பாக ஏற்றினால் பழையதும் 30 நாள் அல்லது 100 பதிப்புகள் வரை வைக்கப்படும். அவையும் இடத்தைப் பிடிக்கும். ‘என்றும் வைத்திரு’ என்று குறித்திருந்தால் 30 நாளுக்குப் பிறகும் போகாது.

ஐந்தாவது, அனாதைக் கோப்புகள். வேறொருவரின் கோப்புறையில் நாம் ஒரு கோப்பை ஏற்றியிருந்து, அவர் அந்தக் கோப்புறையை அழித்துவிட்டால், நம் கோப்பு எந்த இடமும் இல்லாமல் நம் கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். டிரைவின் தேடல் பெட்டியில் ‘இஸ்:அன்ஆர்கனைஸ்ட் ஓனர்:மீ’ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டினால் அவை வெளிவரும்.

ஆறாவது, தாமதம். அழித்ததும் எண் உடனே மாறுவதில்லை. கூகுளின் கணக்கு புதுப்பிக்கப்பட ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். அந்த இடைவெளியில் எச்சரிக்கை தொடர்ந்து வரும். இன்னும் அழிக்க வேண்டும் என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்

எடுத்துக்காட்டாக, ஒருவரின் கணக்கு 15 ஜிபியில் 14.6 ஜிபி நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 97 விழுக்காடு. அதில் படங்கள் 7.4, புலனக் காப்பு 3.1, டிரைவ் 2.3, ஜிமெயில் 1.8 ஜிபி.

இவர் 2019-ஆம் ஆண்டுப் படங்கள் அனைத்தையும் அழித்தால், அவை ‘உயர்தர’ அமைப்பில் ஏற்றப்பட்டவையாக இருக்கும் பட்சத்தில், 7.4 என்ற எண் அசையாது. ஆனால் புலனக் காப்பில் காணொளிகளை நிறுத்தினால், அந்த 3.1 ஜிபியில் பெரும்பகுதி ஒரே நாளில் திரும்பக் கிடைக்கலாம். ஜிமெயிலில் 10 மெகாபைட்டுக்கு மேல் உள்ள இணைப்புகளை மட்டும் தேடிப் பார்த்துத் தேவையற்றதை நீக்கினால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். ஒரு குடும்பப் படத்தைக்கூடத் தொடாமல் இவ்வளவும் செய்துவிடலாம்.

எச்சரிக்கையே தவறாக இருந்த நேரங்களும் உண்டு

எப்போதும் பயனர்தான் தவறு செய்கிறார் என்று சொல்ல முடியாது. 2023-இன் தொடக்கத்தில், கூகுள் டிரைவில் பணம் கட்டி 2 டெராபைட் இடம் வைத்திருந்த சிலருக்குப் புதிய கோப்பு எதையும் சேர்க்க முடியாமல் போனது. இடம் நிறையவே மிச்சம் இருந்தது. ஒரு கணக்கில் 50 லட்சம் கோப்புகளுக்கு மேல் உருவாக்க முடியாது என்ற வரம்பைக் கூகுள் முன்கூட்டியே அறிவிக்காமல் கொண்டுவந்திருந்ததே காரணம். எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 2023 ஏப்ரல் தொடக்கத்தில் அந்த வரம்பைக் கூகுள் விலக்கிக்கொண்டது. “இடம் இருக்கிறதே, ஏன் ஏற்றவில்லை?” என்று கேட்டவர்களின் கேள்வி அப்போது நியாயமாகவே இருந்தது.

அதே ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி மைக்ரோசாஃப்டும் கணக்கிடும் முறையை மாற்றியது. அவுட்லுக் மின்னஞ்சலில் உள்ள இணைப்புகளையும் ஒன்டிரைவின் 5 ஜிபிக்குள் சேர்த்துக் கணக்கிடத் தொடங்கியது. ஒரு கோப்பையும் புதிதாக ஏற்றாதவர்களுக்குக்கூட “இடம் தீர்ந்தது” என்ற அறிவிப்பு வந்தது இதனால்தான்.

கூகுள் ஒன் திட்டத்துக்குப் பணம் கட்டுபவர்களுக்கும் சிக்கல் வருவதுண்டு. பற்று அட்டை காலாவதியாகி மாதக் கட்டணம் செலுத்தப்படாமல் போனால், சலுகைக் காலத்துக்குப் பின் கணக்கு 15 ஜிபிக்குத் திரும்பிவிடும். 40 ஜிபி வைத்திருந்தவர் ஒரே நாளில் வரம்பைத் தாண்டியவர் ஆகிவிடுவார். குடும்பமாகப் பகிர்ந்துகொள்ளும் திட்டத்தில், ஒரு பிள்ளையின் காணொளிகள் எல்லாருடைய இடத்தையும் தீர்த்துவிடும் வாய்ப்பும் உண்டு.

ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது பழைய சாதனங்களின் காப்பு. இரண்டு ஆண்டுக்கு முன் விற்ற கைப்பேசியின் காப்பு இன்னும் ஐகிளவுட்டில் இருக்கிறதா என்று அமைப்புகளில் பார்க்கலாம். ஒரு சாதனத்தில் காப்பு நிறுத்தப்பட்ட பிறகும் ஆப்பிள் அதை 180 நாள் வரை வைத்திருக்கும். 5 ஜிபியில் அது ஒன்றே பாதியைப் பிடித்துவிடும்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்?

கூகுள் கணக்கு முழுவதும் நிறைந்துவிட்டால் ஏற்கெனவே உள்ள படங்களும் கோப்புகளும் உடனே அழியாது, திறந்து பார்க்கலாம். ஆனால் புதிய படங்களுக்குக் காப்பு எடுக்கப்படாது. டிரைவில் புதிய கோப்பு ஏற்ற முடியாது. எல்லாவற்றிலும் முக்கியமானது, ஜிமெயிலில் அஞ்சல் அனுப்பவும் பெறவும் முடியாமல் போகும். அனுப்பியவருக்கு அஞ்சல் திரும்பிப் போய்விடும், பெற வேண்டியவருக்குத் தெரியவே தெரியாது.

எஸ்பிஎம் முடித்த பிள்ளைகள் யுபியு விண்ணப்பத்திலும், பிடிபிடிஎன் கடனுதவிக்கும், வேலை விண்ணப்பங்களிலும் தங்கள் ஜிமெயில் முகவரியைத்தான் கொடுக்கிறார்கள். வாய்ப்பை உறுதிப்படுத்த ஒரு கெடு இருக்கும். அந்த நேரத்தில் அஞ்சல் பெட்டி நிறைந்திருந்தால் நட்டம் பெரியது. விண்ணப்பக் காலத்தில் பெற்றோர் பிள்ளைகளிடம் “மெயிலில் இடம் இருக்கிறதா?” என்று ஒரு முறை கேட்டுவைப்பது நல்லது.

வரம்பைத் தாண்டிய நிலையில் 2 ஆண்டுகள் தொடர்ந்து இருந்தால், கணக்கில் உள்ளவற்றைக் கூகுள் அழிக்கக்கூடும் என்பது 2021 ஜூன் முதல் உள்ள விதி. அதுபோலவே 2 ஆண்டுகள் திறக்கப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இறந்துபோன ஒருவரின் கணக்கில் குடும்பப் படங்கள் இருந்தால் இதை மறக்கக் கூடாது.

எச்சரிக்கை போல் வரும் மோசடி

“உங்கள் மேகச் சேமிப்பிடம் நிறைந்துவிட்டது. இன்றே பணம் கட்டாவிட்டால் படங்கள் அனைத்தும் அழிக்கப்படும்” என்று மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் வருபவை பெரும்பாலும் மோசடி. உண்மையான எச்சரிக்கை இருக்கும் நேரத்தில் இவையும் வருவதால் மக்கள் எளிதில் நம்பிவிடுகிறார்கள்.

சில அடையாளங்கள் உண்டு. மோசடி அஞ்சல் சில மணி நேரக் கெடு விதிக்கும். மிகக் குறைந்த விலைக்குப் பெரிய இடம் தருவதாகச் சொல்லும். அனுப்பியவரின் முகவரியில் கூகுள், ஆப்பிள் என்ற பெயருக்குப் பதிலாகத் தொடர்பில்லாத எழுத்துகள் இருக்கும். அதிலுள்ள இணைப்பைத் தொட்டால் கடவுச்சொல்லையோ வங்கி அட்டை எண்ணையோ கேட்கும்.

பாதுகாப்பான வழி ஒன்றுதான். அஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், செயலியை நேராகத் திறந்து வட்டப் படத்தைத் தொட்டுச் சேமிப்பிடம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அங்கே எச்சரிக்கை இல்லை என்றால் வந்த அஞ்சல் பொய். புலனத்தில் வந்த கோப்பைத் தொட்டு ‘இடம் சுத்தம் செய்யும் செயலி’ என்று எதையும் நிறுவவும் கூடாது.

ஏற்கெனவே வங்கி விவரத்தைக் கொடுத்துவிட்டவர்கள் வெட்கப்பட்டுக் காத்திருக்கக் கூடாது. உடனே தங்கள் வங்கியையும், தேசிய மோசடி பதில் மையத்தின் 997 என்ற எண்ணையும் அழைக்க வேண்டும். பணம் வேறு கணக்குகளுக்கு மாறிப் போவதற்கு முன் தடுக்க, நேரம்தான் முக்கியம். அடுத்து போலீஸ் புகார் செய்ய வேண்டும்.

எந்த வரிசையில் செய்வது?

கீழுள்ள வரிசையில் போனால் எதையும் இழக்காமல் இடத்தை மீட்கலாம்.

1. செயலியை நேராகத் திறந்து, எச்சரிக்கை உண்மையா, எந்தக் கணக்குக்கு என்று பாருங்கள். உலாவியில் ‘ஒன் புள்ளி கூகுள் புள்ளி காம்’ என்ற பக்கத்துக்குப் போனால் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பிரித்துக் காட்டும்.

2. எதையும் அழிக்கும் முன், வேண்டிய படங்களை வெளி வன்தட்டிலோ யுஎஸ்பி விரலியிலோ ஒரு பிரதி எடுங்கள். ‘கூகுள் டேக்அவுட்’ என்ற சேவை மூலம் எல்லாப் படங்களையும் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். இறக்கிய கோப்பு சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த படி.

3. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் ஆகிய மூன்றின் குப்பைத்தொட்டிகளையும், ஜிமெயிலின் ஸ்பேம் பகுதியையும் பாருங்கள். தவறி விழுந்த நல்ல படம் இருந்தால் மீட்டுவிட்டுக் காலி செய்யுங்கள். காலி செய்தபின் மீட்க முடியாது.

4. புலனக் காப்பில் காணொளிகளை நிறுத்துங்கள்.

5. ஜிமெயில் தேடலில் 10 மெகாபைட்டுக்கு மேற்பட்ட அஞ்சல்களையும், டிரைவில் ‘ஸ்டோரேஜ்’ பகுதியில் பெரிய கோப்புகளையும் பாருங்கள். அளவு வாரியாக வரிசையாக வரும்.

6. மறைவான செயலித் தரவு, பழைய பதிப்புகள், அனாதைக் கோப்புகளைக் கணினியில் சரிபாருங்கள்.

7. ஒரு நாள் காத்திருங்கள். பிறகும் எண் மாறவில்லை என்றால் செயலியைப் புதுப்பித்து, கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழையுங்கள். உலாவியில் காட்டும் எண்ணும் செயலியில் காட்டும் எண்ணும் வேறாக இருந்தால் உலாவியில் உள்ளதை நம்பலாம்.

8. இதற்குப் பிறகும் இடம் போதவில்லை என்றால்தான் படங்களுக்கு வர வேண்டும். அப்போதும் முதலில் நீளக் காணொளிகள், மங்கலான படங்கள், திரைப்பிடிப்புகள். கூகுள் போட்டோஸில் படங்களின் தரத்தைக் குறைத்து இடம் மீட்கும் வசதியும் உண்டு. ஆனால் குறைத்த தரத்தைத் திரும்ப உயர்த்த முடியாது.

ஒரு முக்கிய எச்சரிக்கை. கூகுள் போட்டோஸ் செயலியில் ஒரு படத்தை அழித்தால் அது மேகத்திலிருந்து மட்டும் போகாது, கைப்பேசியிலிருந்தும் போய்விடும். ஐகிளவுட் படங்களும் அப்படித்தான், ஒரு சாதனத்தில் அழித்தால் எல்லாச் சாதனத்திலும் அழியும். “மேகத்தில் அழித்தேன், கைப்பேசியில் இருக்கும்” என்ற நம்பிக்கையில்தான் பல படங்கள் காணாமல் போகின்றன. தவறி அழித்துவிட்டால் உடனே குப்பைத்தொட்டியைப் பாருங்கள், தொட்டியைக் காலி செய்யாதீர்கள்.

பள்ளிக் கணக்கும் ஆலயக் கணக்கும்

தமிழ்ப்பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் பயன்படுத்தும் டெலிமா கணக்கு கல்வி அமைச்சின் நிர்வாகத்தில் உள்ளது. அதில் எவ்வளவு இடம் என்பதை நிர்வாகமே தீர்மானிக்கும், பெற்றோர் பணம் கட்டிக் கூட்ட முடியாது. பிள்ளையின் பள்ளிக் கணக்கில் எச்சரிக்கை வந்தால் பள்ளியின் டெலிமா பொறுப்பாசிரியரிடம் சொல்ல வேண்டும். பள்ளியை விட்டுப் போகும்போது அந்தக் கணக்கு நிலைக்காது என்பதால், நினைவுப் படங்களை அதில் மட்டும் வைக்கக் கூடாது.

ஆலயங்கள், இளைஞர் மன்றங்கள் நிலை வேறு. டிரைவில் பகிரப்பட்ட கோப்பு யார் பெயரில் உருவானதோ அவருடைய இடத்தைத்தான் பிடிக்கும். பார்ப்பவர்களின் கணக்கில் சேராது. தோட்டத்து ஆலயத்தின் திருவிழாப் படங்கள், கணக்கு வழக்கு, நிலப் பத்திரப் பிரதிகள் எல்லாம் செயலாளர் ஒருவரின் தனிக் கணக்கில் இருப்பதைப் பல இடங்களில் காணலாம். அவருடைய இடம் நிறைந்தால் அவர் அழிப்பார். அவர் பொறுப்பிலிருந்து விலகினால் கணக்கும் அவரோடு போகும். ஆலயத்தின் பெயரில் தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, கடவுச்சொல்லை இரண்டு பொறுப்பாளர்கள் வைத்திருப்பதும், ஆண்டுக்கு ஒரு முறை வன்தட்டில் பிரதி எடுத்து ஆலயத்தில் வைப்பதும் பெரிய செலவில்லாத வேலை.

செபராங் பிறையிலும் கெடாவின் தென்பகுதியிலும் பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. அங்கே வாழ்ந்த குடும்பங்களுக்கு லயமும் கோயிலும் பள்ளியும் எப்படி இருந்தன என்பதற்குச் சான்றாக மிஞ்சுவது சில படங்கள்தான். பழைய அட்டைப் படங்களைக் கைப்பேசியில் படம் பிடித்து, அட்டைப் படத்தைத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு. அப்படிப்பட்ட படங்களுக்குக் குறைந்தது இரண்டு இடங்களில் பிரதி இருக்க வேண்டும். ஒன்று மேகத்தில் இருக்கலாம், மற்றொன்று வீட்டில் இருக்க வேண்டும். மிக முக்கியமான பத்து இருபது படங்களை அச்சிட்டு வைத்தால் இன்னும் நல்லது.